பயனாளி மேடை ஏறுமுன்

மகனுக்கு,

நீ போனில் அனுப்பிய அழைப்பிதழைப் பார்த்தேன். வீரகேரளம்புதூர் கல்யாண மண்டபம், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, ‘கழிவிலிருந்து கலை: இரண்டாம் கட்டத் தொடக்க விழா’. பச்சை நிறத்தில் நாலு இலை, பின்னால் ஒரு அருவி, நடுவில் என் படம். படத்துக்குக் கீழே என் பேர். பேருக்குக் கீழே ‘முதல் கட்டப் பயனாளி, மேலகரம்’ என்று போட்டிருக்கிறாய். உன்னைப் பெற்று, பீடி சுற்றி வளர்த்து, சென்னைக்குப் படம் வரையப் படிக்க அனுப்பியவளுக்குத் தமிழில் ஒரு சொல் உண்டு. அதைப் போட வெட்கமாக இருந்தால் வெறும் பேரோடு விட்டிருக்கலாம். பயனாளியாம். ரேஷன் கடையில் கூட எங்களைக் குடும்ப அட்டைதாரர் என்று மரியாதையாகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

விழா முடிந்த மறுவாரம் நீ வெளிநாடு கிளம்புகிறாய். அங்கே நம் ஊர்ப் பெண்களைப் பற்றிப் பேசப்போகிறாயாம், ஒரு வருடம் தங்கப்போகிறாயாம். சந்தோஷம். போவதற்கு முன் நான் அந்த மேடையில் ஏறி ஐந்து நிமிடம் பேச வேண்டும், அதைக் கேட்டு வீரகேரளம்புதூர்ப் பெண்களும் சேர வேண்டும் என்று சொன்னாய். மனதில் இருப்பதை அப்படியே பேசச் சொன்னாய். மனதில் இருப்பதைப் பேசினால் என்ன வரும் என்று நீ ஒரு நிமிடமாவது யோசித்திருந்தால் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டாய். போனில் சொன்னால் பாதியில் ‘சரிம்மா, சரிம்மா’ என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவள்தான். பிழை இருந்தால் உன் நண்பர்களிடம் கொடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டச் சொல். அவர்களுக்கு எதுவும் கலைதான்.

அவர்கள் முதன்முதலில் மேலகரத்துக்கு வந்த நாள் உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன், சாரல் தொடங்குகிற ஆனி மாதம். நீ, உன் தொப்பிக்கார நண்பன், பெரிய கண்ணாடி போட்ட அந்தப் பெண். சமுதாயக் கூடத்தில் எங்கள் தெருப் பெண்கள் பதினாலு பேரை வட்டமாக உட்காரவைத்தீர்கள். பதினாலு பேரும் பீடி சுற்றுகிறவர்கள். தொப்பிக்காரன் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவரைக் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அதைத் தொட்டு உணரச் சொன்னான். அந்தக் கவர் எங்களோடு பேசுமாம், காது கொடுத்துக் கேட்க வேண்டுமாம். நாங்களும் மூடினோம். வீட்டில் உலையை வைத்துவிட்டு வந்தவள் ஒருத்தி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தவித்தவள் ஒருத்தி, எல்லாரும் கண்ணை மூடி ஷாம்பு கவரின் பேச்சைக் கேட்டோம். ஒரு பொருளை வீணாக்காமல் இருப்பது எப்படி என்று பிறகு அரைமணி நேரம் வகுப்பு. பழைய சேலையை நாலாக மடித்துத் தைத்துப் படுக்கிறவர்களிடம், எண்ணெய் டின்னில் அரிசி போட்டு வைக்கிறவர்களிடம், சோற்றுக் கஞ்சியைக் கூடக் கொட்டாதவர்களிடம் அந்த வகுப்பு. கொல்லன் தெருவில் ஊசி விற்கிறவனுக்காவது வெட்கம் இருக்கும். உன் ஆட்களுக்கு அதுவும் இல்லை.

ஆனாலும் நான் சிரிக்கவில்லை. சிரித்தவர்களையும் அதட்டினேன். ஏனென்றால் அந்த வட்டத்தின் நடுவில் நின்றவன் என் பிள்ளை. உன் அப்பா இருந்த காலத்தில் உன்னைப் போலீசில் சேர்க்க வேண்டும் என்று விடியற்காலையில் எழுப்பி மைதானத்துக்கு ஓடவிட்டதும், நீ ஓடாமல் மரத்தடியில் உட்கார்ந்து படம் வரைந்ததும், அவர் உன் நோட்டைக் கிழித்ததும் உனக்குத் தெரியும். அவரோடு சண்டை போட்டு உன்னை ஓவியக் கல்லூரிக்கு அனுப்பினவள் நான். அதற்கு முன் நானும் ஒரு தப்புச் செய்திருக்கிறேன். நீ அஞ்சாவது படிக்கும்போது, நான் பீடி இலை வெட்டிப் போட்ட துண்டுகளையெல்லாம் பொறுக்கி, நான் மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற சுளவின் மேல் ஒரு மயில் செய்து வைத்திருந்தாய். தோகையைக் கட்டுவதற்குக் கம்பெனி நூலை எடுத்துவிட்டாய். நூல் குறைந்தால் பீடிக் கடையில் நான் ஏச்சு வாங்க வேண்டும் என்ற ஆத்திரத்தில் உன்னை அடித்தேன், மயிலைத் தூக்கி அடுப்பில் போட்டேன். இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. அன்றைக்கு உனக்கு யாரும் கழிவு, கலை என்று பாடம் எடுக்கவில்லை. நீயாகச் செய்தாய், அழகாகவும் இருந்தது. அதை எரித்த குற்ற உணர்ச்சியில்தான் நீ பிறகு கொண்டுவந்த எந்தக் குப்பையையும் நான் குப்பை என்று சொல்லவில்லை. அது எனக்கு வந்த வினை.

குப்பை பொறுக்கிய கதைக்கு வருகிறேன். சோப்பு, ஷாம்பு போடக்கூடாது என்று போர்டு வைத்திருந்தாலும், சீசனுக்குக் குற்றாலம் வருகிற கூட்டம் உடம்பெல்லாம் எண்ணெயைத் தடவிக்கொண்டு, மடியில் ஒளித்துவைத்த ஷாம்பைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுத்தான் அருவியில் நிற்கும். அந்தக் கவர்களை நாங்கள் பொறுக்கிவர வேண்டும், அதை மடித்துப் பின்னிப் பை செய்ய வேண்டும் என்பது உங்கள் திட்டம். சாரலில் நனைந்துகொண்டு ஐந்தருவிக்கும் பேரருவிக்கும் போனோம். சேறும் எண்ணெயும் முடியுமாகக் கோணி நிறையக் கொண்டுவந்து கழுவிக் காயப்போட்டோம். வெயில் இல்லாத ஊரில் அது காயவும் இல்லை. கண்ணாடிக்காரப் பெண் வந்து இரண்டு விரலால் ஒரு கவரைத் தூக்கிப் பார்த்தாள். கடித்த ஓரம் கோணலாக இருக்கிறதாம். நிறம் மங்கிவிட்டதாம். கண்காட்சிக்குப் போகிற பை எல்லாம் ஒரே நீல நிறத்தில், நேரான ஓரத்தோடு இருக்க வேண்டுமாம். பல்லால் கடிக்கிறவன் ஸ்கேல் வைத்தா கடிப்பான்? அதைக் கேட்கத்தான் நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

பிறகு அந்த யோசனை வந்தது. யாரோ சொன்னார்கள் என்று நான் பழி போடமாட்டேன், என் யோசனைதான். கடையில் போய் நீலக் கவர் ஷாம்பு சரம் சரமாக வாங்கினோம். கத்தரிக்கோலால் மேல் ஓரத்தை நேராக வெட்டி, உள்ளே இருப்பதைக் குடத்தில் பிழிந்து ஊற்றிவிட்டு, கவரை அலசி எடுத்தோம். குப்பையில் பை செய்ய வேண்டும் என்று புதுப் பொருளை வாங்கிக் குப்பையாக்கின சாமர்த்தியம் உலகத்தில் வேறு எந்த ஊருக்கு வரும்? ஆறு வீட்டில் ஆறு குடம் ஷாம்பு. கொட்ட மனசு வரவில்லை, கொட்டித்தான் எங்களுக்குப் பழக்கமில்லையே. பாத்திரம் கழுவினோம், தரை கழுவினோம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடையைத் துவைத்தோம். எதிர்வீட்டு எருமை அந்த ஆடி மாதம் முழுவதும் கமகமவென்று மணந்துகொண்டு திரிந்தது. தெருச் சாக்கடை நுரை தள்ளியது. சுற்றுச்சூழலைக் காப்பாற்ற வந்த உன் நண்பர்கள் அந்த நுரையைத் தாண்டிக் குதித்துத்தான் சமுதாயக் கூடத்துக்கு வந்தார்கள். அது என்ன நுரை என்று ஒருவன் கேட்கவில்லை.

நீ மட்டும் கண்டுபிடித்தாய். தண்ணீர் குடிக்க அடுக்களைக்கு வந்தவன், குடத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். இப்போது கத்தப்போகிறான், என்னம்மா இப்படிச் செய்துவிட்டீர்கள், எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்று சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அன்றைக்கு உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன். நீ மூடியைத் திரும்ப வைத்தாய்.

“யம்மா, நல்லா அலசிப் போடச் சொல்லு. வாசம் தெரியக் கூடாது” என்றாய்.

தண்ணீரைக் குடித்தாய், போய்விட்டாய். ஏலே, உன் அப்பா முரடர், நோட்டைக் கிழித்தவர், எல்லாம் சரி. ஆனால் இப்படி ஒரு சொல் அவர் வாயில் வந்திருக்காது. அன்றைக்குத்தான் உன்னை முதல்முறையாகக் கேவலமாக நினைத்தேன். பெற்ற பிள்ளையை அப்படி நினைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் தெரியும். அப்படித் தெரியவேண்டிய நிலை உனக்கு வரவேண்டாம்.

சென்னையில் கண்காட்சி வைத்தீர்கள். அதற்கு எங்களைப் படம் எடுக்க வந்தபோது நான் நல்ல சேலை கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து நின்றேன். வேலை செய்யும்போது கட்டுகிற பழைய சேலையைக் கட்டச் சொல்லி, பூவை எடுக்கச் சொன்னான் தொப்பிக்காரன். கட்டினேன், எடுத்தேன். அந்தப் படத்துக்குக் கீழே ‘அருவியின் மகள்கள்: குற்றாலத்தின் கழிவைக் கைகளால் மீட்டவர்கள்’ என்று எழுதி மாட்டியிருந்ததை நீயே எனக்கு அனுப்பினாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நீங்கள் ஆறு குடம் ஷாம்பை ஒரு வரியில் மறைத்துவிட்டீர்கள். மிஞ்சின பைகளைக் குற்றாலத்தில் ஒரு மேசை போட்டு விற்கச் சொன்னீர்கள். சிப்ஸும் மங்குஸ்தானும் வாங்க வந்த கூட்டம் எங்கள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனது. ஒரே ஒரு அம்மாள் வாங்கினாள், பிள்ளைகளின் ஈரத்துணியை அள்ளிப் போட்டுக்கொள்ள. மறுநாள் காலை அந்தப் பை அருவிக்கரையில் கூட்டி வைத்த குப்பைக் குவியலில், ஈரத்துணியோடு கிடந்தது. நான்தான் பார்த்தேன். உன்னிடம் சொன்னால் வருத்தப்படுவாய் என்று அதையும் மறைத்தேன்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. அடுத்த வீட்டு இசக்கியம்மாளை உனக்கு நன்றாகத் தெரியும். நான் பீடிக் கடைக்குப் போய்வருகிற நேரமெல்லாம் உன்னை இடுப்பில் வைத்துத் திரிந்தவள். என்னை மதினி என்று கூப்பிடுகிறவள். உங்கள் பயிற்சியில் சேர ஒரு படிவம் கொடுத்தீர்கள். அதில் ‘வேறு எந்தத் தொழிலிலும் ஈடுபடவில்லை’ என்று ஒரு வரி. கைத்தொழில் பழகினால் பீடிப் புகையிலை வேண்டாம், நெஞ்சு இருமல் வேண்டாம், மாதாமாதம் வேலை நாங்கள் தருகிறோம் என்று தொப்பிக்காரன் சொன்னான். புகையிலையைப் பற்றி அவன் சொன்னதில் பொய் இல்லை. அந்த இருமல் எனக்கும் உண்டு, அந்தத் தொழிலை நான் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. ஆனால் பீடிக் கார்டு என்று ஒன்று இருக்கிறதே, அது அவனுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். தொடர்ந்து பீடி சுற்றிக் கடையில் போட்டால்தான் கம்பெனிப் பதிவில் பேர் நிற்கும். பேர் நின்றால்தான் பி.எஃப்., பிற்காலத்தில் பென்ஷன், பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி. நீ ஆறாவதிலிருந்து கல்லூரி முடிக்கிற வரை வருடா வருடம் அந்த உதவிக்கு மனுப் போட்டது என் கார்டைக் காட்டித்தான். சில மாதம் பீடி போடாமல் விட்டால் பேரை எடுத்துவிடுவார்கள். இதெல்லாம் உனக்குத் தெரிந்தும் அந்தப் படிவத்தை நீட்டினாய்.

இசக்கி கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னிடம் வந்தாள். “மதினி, கார்டு போயிருமோ? பிள்ள எட்டாவது படிக்கா” என்று கேட்டாள்.

“ஏட்டி, என் மவன் என்ன ஊரான் பிள்ளையா? அவன் பாத்துக்கிடுவான், போடு” என்றேன்.

போட்டாள். எட்டு மாதம் ஒழுங்காக வந்தாள். எங்களில் நன்றாகப் பின்னினவளும் அவள்தான், உன் கண்காட்சியில் நடுவில் தொங்கிய அந்தப் பெரிய நீலப் பை அவள் கை. பிறகு ஒருநாள் ‘முதல் கட்டம் இனிதே நிறைவடைந்தது’ என்று சொல்லி, ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்து, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். மாதாமாத வேலை எங்கே என்று கேட்டதற்கு, அது இரண்டாம் கட்டத்தில் வரும் என்றான் தொப்பிக்காரன். இரண்டாம் கட்டம் இப்போது வீரகேரளம்புதூரில் வருகிறது, வேறு பெண்களுக்கு. இசக்கி பீடிக் கடைக்குத் திரும்பப் போனாள். பேர் இல்லை என்றார்கள். புது ஆள் இப்போது எடுப்பதில்லை என்றார்கள். அவள் அந்தச் சான்றிதழை எடுத்துக் காட்டியிருக்கிறாள், பாவம். கணக்கப்பிள்ளை அதை வாசித்துவிட்டு, நல்ல அட்டை, சுளவுக்கு அடியில் வைத்துக்கொள் என்று சொன்னாராம். அவள் மகளுக்கு இந்த வருடம் படிப்பு உதவிக்கு மனுப் போட முடியவில்லை. அவளோடு கையெழுத்துப் போட்ட மற்றப் பன்னிரண்டு பேரின் பேரும் இப்படித்தான் போனது.

இனிமேல் எழுதப்போவதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நான் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன், ஆனால் பீடியை விடவில்லை. உங்கள் வகுப்பு முடிந்து வந்ததும் பின்கதவைச் சாத்திக்கொண்டு, பின்னறையில் உட்கார்ந்து சுற்றினேன். கைக்கு முடிந்த கட்டுகளைத் துணிப்பையில் அடியில் வைத்து, மேலே உங்கள் ஷாம்புக் கவரைப் பரப்பி மறைத்து, வாரம் தவறாமல் கடையில் கொண்டுபோய்ப் போட்டேன். என் பேர் இன்றைக்கும் பதிவில் இருக்கிறது. உன்னை நம்பி வாருங்கள் என்று பதின்மூன்று பெண்களுக்குச் சொன்னவள், உன்னை நம்பாமல் தன்னுடையதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டாள். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது வேறு யாருமில்லை, உன் அம்மாதான். நீ குடத்தின் மூடியைச் சாத்தினாய், நான் கதவைச் சாத்தினேன். உன்னைக் கேவலமாக நினைத்தேன் என்று மேலே எழுதினேனே, அதில் பாதியை எனக்கு எடுத்துக்கொள்கிறேன். என் பேரை மட்டும் எடுக்க மறந்துவிட்டார்கள் என்று இசக்கியிடம் சொல்லி வைத்தேன், இப்போது அவள் சுற்றுகிற பீடியும் என் கார்டில்தான் போகிறது. வேலை அவளுடையது, பதிவில் ஏறுகிற பேர் என்னுடையது. அவள் விரல் தேய்ந்து எனக்குப் பென்ஷன் வரப்போகிறது.

இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்புவதற்கு முன் இதுவரை எழுதியதை நேற்றுச் சாயங்காலம் இசக்கியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் இலை வெட்டிக்கொண்டிருந்தாள். என் கார்டு விஷயம் வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அவள் கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

“தெரியும் மதினி” என்றாள். “கார்டு போன அன்னைக்கு அழுதுக்கிட்டே உங்க பொறவாசலுக்குத்தான் வந்தேன். நனைச்ச பீடி இலை வாசம் அடிச்சுது. அப்படியே திரும்பிப் போயிட்டேன். உங்க பிள்ள மேல உங்களுக்கே இல்லாத நம்பிக்க எனக்கு எப்படி வந்துச்சுன்னுதான் இன்னிக்கி வரைக்கும் யோசிக்கேன்.”

அதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம், அவளிடம் நேரே சொல். நீ வெளிநாட்டில் எந்த மேடையில் வேண்டுமானாலும் ஏறு, அவள் வீட்டு வாசலில் ஏறாமல் விமானம் ஏறாதே. கை நீட்டி வாழ்த்து வாங்கப் போகாதே. கம்பெனியில் போய், தொழிலாளர் ஆபீசில் போய், அவள் பேரைத் திரும்பப் பதிவில் ஏற்ற என்ன செய்ய வேண்டுமோ அதைக் கேட்டுச் செய்துவிட்டுப் போ. நாளாகும் என்றால் பயணத்தைத் தள்ளி வை. உனக்காக அங்கே காத்திருக்கிறவர்கள் ஒரு மாதம் காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

உனக்கு அம்மா சொல்லுகிற புத்தி பெரிதாக எதுவும் இல்லை. நீ கெட்டவன் இல்லை. நல்லது செய்கிறவன் என்று நாலு பேர் சொல்லக் கேட்டுக் கேட்டு, அந்தச் சொல் போய்விடக் கூடாதே என்று பயப்படுகிறவன். அந்தப் பயத்தில்தான் மூடியைத் திரும்ப வைத்தாய். நான் சம்பந்தமே இல்லாதவள் மாதிரி இதைச் சொல்லவில்லை. என் மகன் நல்லது செய்கிறான் என்ற பேர் போய்விடக் கூடாதே என்றுதான் நானும் இசக்கியிடம் ‘போடு’ என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். தென்காசியில் பஸ் மாறி ஒன்பது மணிக்கெல்லாம் மண்டபத்தில் இருப்பேன். நல்ல சேலை கட்டி, பூ வைத்துத்தான் வருவேன், படம் எடுக்கிறவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. இசக்கியும் என்னோடு வருகிறாள், அவளுக்கு என் பக்கத்தில் ஒரு நாற்காலி போடு. அந்த ஊரிலும் வீட்டுக்கு வீடு பீடிதான், எல்லாருடைய இடுப்பிலும் ஒரு கார்டு இருக்கும். அன்றைக்கே படிவத்தில் கையெழுத்து வாங்குவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறாய். அதற்கு முன் மைக்கை முதலில் நீ வாங்கு. கார்டை விடாதீர்கள் என்று சொல். ஷாம்புக் குடத்தைச் சொல். மேலகரத்தில் பதின்மூன்று பெண்களின் பேர் பதிவிலிருந்து போனதைச் சொல், போகாத ஒருத்தி யார் என்பதையும் சொல். நீ எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டால் நான் எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வேன். நீ எதை விடுகிறாயோ, அதிலிருந்து நான் ஆரம்பிப்பேன்.

அம்மா